அறுந்த நரம்பு வளருமா? வாசகர் கேள்வி பதில்

முன்மாரி வெள்ளாமை வெட்டு முடிந்து நான்கைந்து மாதம் போனால் எனக்கு வருகிற கடிதங்களில் வெட்டுக்காயக் கடிதங்கள் கூடிவிடும். இந்த முறையும் அப்படித்தான். கை விறைக்கிறது, கால் விறைக்கிறது, தைத்த நரம்பு பிடிக்குமா என்று வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழ் முழுக்க நரம்பைப் பற்றியே எழுதுகிறேன். முதல் பதில் நீளமானது. மற்றவர்களும் அதை வாசித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வந்தால் கெதியாக விளங்கும்.

*

கேள்வி: என்னுடைய தம்பிக்கு 24 வயது. பங்குனியில் வெள்ளாமை வெட்டும்போது மெஷின் இறங்க ஏலாத சேற்று மூலையைத் தாக்கத்தியால் அறுத்துக்கொண்டு நின்றவன், வரம்பில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டின் உள்பக்கம் ஆழமாக வெட்டுப்பட்டது. அடுத்த நாளே சத்திரசிகிச்சை செய்து நரம்பைத் தைத்தார்கள். இப்போது நான்கு மாதம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகளில் இன்னும் உணர்ச்சி இல்லை. உள்ளங்கையில், விரல்கள் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே தட்டினால் மட்டும் விரலுக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். தையல் பிழைத்துவிட்டதா? கிளினிக்கில் கேட்டால் "வளரும், பொறுங்கள்" என்கிறார்கள். நரம்பு வளருமா?
வாசகி, வவுணதீவு

பதில்: தங்கச்சி, அந்தக் கரண்ட்தான் நல்ல செய்தி. கடிதத்தில் அந்த வரியை வாசித்ததும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஏனென்று சொல்கிறேன்.

நரம்பு என்பது ஒற்றை நூல் இல்லை. மருதமுனைத் தறியில் பாவு நூல் விரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஆயிரக்கணக்கான இழைகளை ஒரு உறைக்குள் போட்டுக் கட்டியதுதான் நரம்பு. ஒவ்வொரு இழையும் ஒரு நரம்புக்கலத்தின் நீண்ட வால். கலத்தின் உடல் கையில் இல்லை, கழுத்தில் இருக்கிறது, முண்ணாணுக்குள்ளும் (முதுகுத் தண்டுக்குள் ஓடுகிற நரம்புத் தண்டு) அதற்குப் பக்கத்துச் சிறு முடிச்சுகளிலும். தம்பியின் விரல் நுனிக்கு வரும் இழை கழுத்திலிருந்தே புறப்பட்டு வருகிறது. மணிக்கட்டில் வெட்டுப்பட்டால் கழுத்தோடு தொடுப்புள்ள பக்கம் உயிரோடு இருக்கும். விரல் பக்கத்துத் துண்டுக்குச் சாப்பாடு நின்றுவிடும், சில நாட்களில் அது துண்டு துண்டாக உடைந்து அழிந்துபோகும். 1850இல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேயர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்து இதைக் கண்டு எழுதினார், இன்றைக்கும் இந்த அழிவுக்கு அவர் பெயர்தான். அதனால் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் அடுத்த நாள் உணர்ச்சி வந்துவிடாது. தைப்பது பெரும்பாலும் வெளி உறையைத்தான். உள்ளே இழை புதிதாக முளைத்து விரல் நுனி மட்டும் நடந்து போக வேண்டும்.

அது எப்படி வழி பிடித்துப் போகிறது என்பது, இத்தனை வருடம் கைகளோடு வேலை செய்த பிறகும் எனக்கு நினைக்க நினைக்க அதிசயம்தான். இழை அழிந்தாலும் அதைச் சுற்றியிருந்த துணைக்கலங்கள் அழிவதில்லை. சுவான் கலங்கள் என்பார்கள், 19ஆம் நூற்றாண்டு ஜேர்மன் விஞ்ஞானி தியடோர் சுவானின் பெயர். சாதாரண நாளில் இவற்றின் வேலை இழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறையைப் போர்த்தி வைப்பது. இழை அறுந்துவிட்டது என்று தெரிந்ததும் அந்த வேலையை விட்டுவிடும். தான் போர்த்திய உறையைத் தானே உடைத்துக் கரைக்கும், இரத்தத்திலிருந்து தின்குழியங்களைக் கூப்பிடும், இரண்டு கூட்டமும் சேர்ந்து பழைய கழிவை அள்ளித் தீர்க்கும். அதோடு பெருகி, நீண்டு, பழைய இழை கிடந்த அதே குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசை பிடித்து நிற்கும். உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் திறக்க முன்னம் வட்டைக்காரர் எல்லாரும் இறங்கி வாய்க்கால் துப்புரவு செய்வார்களே, அந்த ஒழுங்குதான். தண்ணீர் வருவதற்கு முன்னமே வாய்க்கால் கடைமடை வரைக்கும் திறந்திருக்க வேண்டும்.

வெட்டுப்பட்ட முனையிலிருந்து முளைக்கிற புதிய இழையின் நுனி ஒரு சின்னக் கைபோல இருக்கும். அதிலிருந்து விரல்கள் நீண்டு நீண்டு முன்னுக்குத் தடவிப் பார்க்கும். பிடிப்பு உள்ள இடம் கிடைத்தால் பற்றிக்கொண்டு உடம்பை இழுக்கும், பிடிப்பு இல்லாவிட்டால் அந்த விரல் சுருங்கி, வேறு பக்கம் ஒன்று நீளும். பாகல் கொடியைப் பந்தலில் விட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. சுவான் கலங்களைச் சுற்றி ஒரு மெல்லிய புரதப் படலம் இருக்கிறது, கொடிக்குப் பந்தல் எப்படியோ இழைக்கு அது. (அந்தப் புரதங்களைப் பற்றி அடுத்த கேள்வியில் விரிவாக எழுதுகிறேன்.)

சரி, கணக்குக்கு வருவோம். முளை வெட்டைத் தாண்டி மற்றப் பக்கம் போய்ச் சேரவே மூன்று நான்கு கிழமை போகும். அதற்குப் பிறகு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். அவ்வளவுதான் வேகம், அதை இரட்டிப்பாக்குகிற மருந்து கடையில் இல்லை. தம்பிக்கு நான்கு மாதம் என்றால் 120 நாள். முதல் 25 நாளைக் கழித்தால் 95 நாள், அதாவது 9 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் மணிக்கட்டுச் சுருக்கத்திலிருந்து ஒரு அடிமட்டத்தை வைத்து 9 சென்ரிமீற்றர் அளந்து பாருங்கள். எங்கே வந்து நிற்கிறது? விரல்கள் தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே. தட்டினால் கரண்ட் அடிக்கிறது என்று தம்பி சொல்கிற இடம் அதுதான். உறை போர்த்தப்படாத இளம் இழை நுனியைத் தட்டினால் அப்படித்தான் சுரீர் என்று இழுக்கும். முதலாம் உலகப் போரில் காயப்பட்ட சிப்பாய்களைப் பார்த்து ஜூல் டினெல் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1915இல் இதை எழுதினார், அந்த வருடமே ஜேர்மனியில் ஹொப்மன் என்பவரும் எழுதினார். தையல் பிழைத்து முனையில் வெறும் கட்டியாகச் சுருண்டிருந்தால் அந்தக் கரண்ட் மணிக்கட்டுத் தழும்பிலேயே நின்றிருக்கும். அது நகர்ந்து வந்திருக்கிறது.

இனி ஒரு வேலை செய்யுங்கள். மாதத்தில் ஒரே திகதியில், விரல் நுனிப் பக்கமிருந்து மணிக்கட்டை நோக்கி மெதுவாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். முதன்முதல் கரண்ட் அடிக்கிற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி போட்டு, தழும்பிலிருந்து அந்தப் புள்ளிக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்று கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதி வையுங்கள். மாதத்துக்கு ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் நகர வேண்டும். இரண்டு மாதமாக ஒரே இடத்தில் நின்றால் அடுத்த திகதி வரைக்கும் காத்திருக்காமல் கொப்பியைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.

நுனி வந்து சேர்ந்த பிறகும் கொஞ்சக் காலம் உணர்ச்சி குழம்பித்தான் இருக்கும். முளைக்கிற இழைகளில் சில பிழையான குழாய்க்குள் போய்விடும், நடுவிரலைத் தொட்டால் சுட்டுவிரலைத் தொட்ட மாதிரி இருக்கும். அதற்கு மூளையைத்தான் பழக்க வேண்டும். ஒரு சுளகில் நெல், இன்னொன்றில் உமி, இன்னொன்றில் மணல் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவி எது எதென்று சொல்லச் செய்யுங்கள், பிறகு கண்ணைத் திறந்து பார்த்தபடி திரும்பத் தடவட்டும். நாளுக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் போதும். அது வரைக்கும் தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் தொட்டுப் பார்த்த பிறகே வலது கையால் பிடிக்க வேண்டும். உணர்ச்சியில்லாத விரலில் கொப்புளம் வந்து, அது புண்ணாகி, விரலையே கெடுத்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதில் விளையாட வேண்டாம். தம்பி சிகரட் குடிப்பவர் என்றால் இன்றைக்கே விடச் சொல்லுங்கள், நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கினால் வளர்ச்சியும் பிந்தும்.

*

கேள்வி: நான் உயர்தரம் உயிரியல் படிக்கிறேன். சுவான் கலம் மயலின் கவசத்தை ஆக்கும் என்று மட்டும்தான் படித்தோம். அது நரம்பு வளரவும் உதவும் என்று ரியூசனில் சேர் சொன்னார், லமினின் என்று ஒரு புரதத்தின் பெயரும் சொன்னார். நேரம் போய்விட்டதால் விளங்கப்படுத்தவில்லை. விளங்கப்படுத்துவீர்களா?
மாணவி, கல்முனை

பதில்: நல்ல கேள்வி மகள். மேலே உள்ள பதிலை வாசித்திருப்பீர்கள், இதில் புரதங்களோடு நிற்போம்.

கலங்களுக்கு வெளியே இருக்கிற இடம் வெறும் இடைவெளி இல்லை. புரதங்களும் சீனிச் சங்கிலிகளும் பின்னிய ஒரு வலை அங்கே இருக்கிறது, அதைத் தாயம் என்பார்கள். சுவான் கலத்தை ஒட்டி அந்தத் தாயம் மெல்லிய அடிமென்சவ்வாக, நீளமான குழாய் வடிவில் படிந்திருக்கும். அதன் முக்கியமான ஆட்கள் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் வகைக் கொலாஜன் வலைபோலப் பின்னிக் குழாய்க்கு உறுதி கொடுக்கிறது. லமினின் இழைக்குப் பிடிப்புக் கொடுக்கிறது. நிடோஜன் இந்த இரண்டையும் ஒன்றோடொன்று கொளுவி வைக்கிறது. பேர்லெகன் என்பது சீனிச் சங்கிலிகள் தொங்குகிற பெரிய புரதம், வளர்ச்சிக் காரணிகளைத் தன்னில் பிடித்து வைத்திருக்கும். பைப்ரோனெக்டினும் உண்டு, காயம் பட்ட இடத்தில் அது கூடும்.

இவர்களில் லமினின்தான் நம் கதாநாயகி. 1979இல் எலியின் கட்டி ஒன்றிலிருந்து ரூபேர்ட் டிம்பிளும் கூட வேலை செய்தவர்களும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அல்பா, பீற்றா, காமா என்று மூன்று சங்கிலிகள் சேர்ந்து சிலுவை வடிவில் இருக்கும். சிலுவையின் நீளமான காலின் அடியில் ஐந்து உருண்டைகள் உண்டு, கலங்கள் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத்தான். இழை நுனியின் மென்சவ்வில் இன்டெக்ரின் என்ற ஏற்பிகள் குத்தி நிற்கும். வெளித்தலை லமினினைப் பிடிக்கும், உள்தலை கலத்துக்குள் இருக்கிற அக்டின் நார்களோடு கொளுவி இருக்கும். வெளியே பிடிப்பு, உள்ளே இழுவை. இரண்டும் இருந்தால்தான் நகர்வு. ஆய்வுகூடத்தில் நரம்புக்கலத்தை வெறும் கண்ணாடித் தட்டில் விட்டால் இழை சரியாக நீளாது, அதே தட்டில் லமினின் பூசிவிட்டால் சில மணித்தியாலத்திலேயே நீளத் தொடங்கிவிடும். கல்லில் ஏறாத கொடி, தும்புக் கயிறு கட்டிவிட்டால் ஏறுகிற மாதிரி.

தாயத்தில் நல்லவர்கள் மட்டும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கொன்ட்ரோயிற்றின் சல்பேற்று என்ற சீனிச் சங்கிலி கொண்ட சில புரதங்கள் லமினினை மூடி மறைத்து இழையைத் தடுக்கும். சுவான் கலங்களும் மற்றக் கலங்களும் தாயத்தை அரிக்கிற நொதியங்களைச் சுரந்து அவற்றை அகற்றினால்தான் பாதை திறக்கும். கழிவகற்றல் என்று மேலே நான் எழுதியதில் இதுவும் சேர்த்தி.

அப்புறம் சுவான் கலத்தின் வேலை மாற்றம். காயத்துக்குப் பிறகு சி ஜுன் என்ற ஒரு புரதம் அதன் கருவுக்குள் கூடுகிறது. அது மயலின் சம்பந்தப்பட்ட பரம்பரை அலகுகளை அடக்கி, திருத்தல் வேலைக்கு வேண்டியவற்றை எழுப்புகிறது. எலிகளின் சுவான் கலங்களில் இருந்து அதை நீக்கிப் பார்த்தார்கள், நரம்பு மீள்வது மோசமாகக் குறைந்துபோனது. ஆகவே சுவான் கலம் சும்மா பின்னோக்கிப் போய் இளமையாவது இல்லை. அது புதிய தொழில் ஒன்றுக்கு மாறுகிறது. அந்தத் தொழிலில் அது நரம்பு வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கிறது. அப்படியான காரணிகளில் முதலாவதைக் கண்டுபிடித்ததற்குத்தான் ரீற்றா லெவி மொன்டல்சினிக்கும் ஸ்ரான்லி கோகனுக்கும் 1986இல் நோபல் பரிசு. இழை வந்து சேர்ந்து தொட்டதும் சுவான் கலம் திரும்ப மயலின் சுற்றத் தொடங்கும், பழையதைவிட மெல்லிசாக, குட்டைத் துண்டுகளாக.

இன்னொரு விசயம், எனக்கு மிகவும் பிடித்தது. நரம்பு முற்றாக அறுந்து இரண்டு முனைக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருந்தால் அங்கே குழாயும் இல்லை, வரிசையும் இல்லை. அப்போது என்ன நடக்கிறது? இடைவெளியில் ஒட்சிசன் குறைவதைத் தின்குழியங்கள் உணர்ந்து ஒரு சமிக்ஞை விடுகின்றன, அதைக் கேட்டுப் புதிய இரத்தக் குழாய்கள் இடைவெளிக்குக் குறுக்கே வளர்கின்றன, அந்த இரத்தக் குழாய்களைத் தண்டவாளம்போலப் பிடித்துக்கொண்டு சுவான் கலங்கள் ஊர்ந்து மற்றப் பக்கம் போகின்றன, அவற்றின் பின்னால் இழைகள். எலிகளில் இதை நுணுக்குக்காட்டியில் பார்த்திருக்கிறார்கள். பாடத்தில் கேட்க மாட்டார்கள் மகள், ஆனாலும் தெரிந்து வைத்திருங்கள்.

*

கேள்வி: என்னுடைய மச்சான் ஐந்து மாதத்துக்கு முன் மோட்டார் சைக்கிளில் விழுந்தவர். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் இடது கை தோளிலிருந்தே தொங்குகிறது, முழங்கையை மடிக்க ஏலாது. பரிகாரியிடம் எண்ணெய்க் கட்டுப் போடுகிறோம். ஒரு வருடம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரிதானா?
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: சரியில்லை. இந்தக் கிழமையே போங்கள். இதை வாசித்து முடித்ததும் மச்சானுக்குக் கோல் எடுங்கள்.

கழுத்திலிருந்து கைக்கு வருகிற நரம்பு வேர்கள், விழுகிற வேகத்தில் தலை ஒரு பக்கமும் தோள் மற்றப் பக்கமும் இழுபட்டு, நீண்டோ கிழிந்தோ போயிருக்கும். வெறுமனே நீண்டிருந்தால் தானாக வரக்கூடும். கிழிந்திருந்தாலும் வேர் முண்ணாணிலிருந்து பிடுங்குப்பட்டிருந்தாலும் தானாக வராது, சத்திரசிகிச்சைதான். அதை ஆறு மாதத்துக்குள் செய்தால் கிடைக்கிற பலன் ஒரு வருடத்துக்குப் பிறகு கிடைக்காது.

ஏன் இந்த அவசரம்? மேலே எழுதிய துணைக்கலங்கள் எல்லாக் காலமும் காத்திருப்பதில்லை. இழை வந்து தொடாமல் மாதக்கணக்கில் கிடந்தால் அவை சுருங்கும், எண்ணிக்கை குறையும், வளர்ச்சிக் காரணி சுரப்பது நின்றுபோகும், குழாய்களும் ஒடுங்கி நார் பிடித்துவிடும். தண்ணீர் வராமல் இரண்டு போகம் கிடந்த வாய்க்கால் எப்படித் தூர்ந்துபோகும் என்று உங்களுக்குத் தெரியும். தசையும் அப்படித்தான். நரம்பு வராமல் 12 மாதத்திலிருந்து 18 மாதம் போனால் தசை நரம்பை ஏற்றுக்கொள்கிற தன்மையை இழந்துவிடும், பிறகு நரம்பு வந்தும் பிரயோசனமில்லை. இப்போது கணக்குப் போடுங்கள். தோளிலிருந்து முழங்கை மடிக்கிற தசைக்குக் குறைந்தது 15, 20 சென்ரிமீற்றர். நாளுக்கு 1 மில்லிமீற்றர் வேகத்தில் ஆறேழு மாதம். ஏற்கெனவே ஐந்து மாதம் போய்விட்டது. மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ உங்களுக்குக் கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள், தேவையானால் அங்கிருந்து கொழும்புக்கோ கண்டிக்கோ அனுப்புவார்கள். விபத்து நடந்த திகதியைத் தெளிவாகச் சொல்லுங்கள். பரிகாரியோடு கோபிக்க வேண்டாம். மொழிகள் (மூட்டுகள்) இறுகாமல் இதமாக அசைத்துவிடுவது நல்லதுதான். கிழிந்த வேரை எண்ணெய் தைக்காது, அவ்வளவுதான்.

*

கேள்வி: கை நரம்பு வளரும் என்றால் முதுகுத் தண்டு நரம்பு ஏன் வளராது? என்னுடைய அண்ணன் 17 வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார்.
வாசகி, திருக்கோவில்

பதில்: அக்கா, இந்தக் கேள்வியை நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் கேட்கிறார்கள். உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

முண்ணாணுக்குள் சுவான் கலங்கள் இல்லை. அங்கே மயலின் போர்த்துவது வேறு ஒரு கலம், ஒலிகோடென்ட்ரோசைற்று என்பார்கள். அது காயத்துக்குப் பிறகு தொழில் மாறித் திருத்த வேலைக்கு இறங்காது. உடைந்த மயலின் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அள்ளப்படாமல் கிடக்கும், அதில் நோகோ என்ற புரதம் உட்பட இழையைத் தடுக்கிற பொருட்கள் இருக்கின்றன. மாணவிக்கு எழுதிய கொன்ட்ரோயிற்றின் சல்பேற்றுப் புரதங்கள் காயத்தைச் சுற்றித் தடித்த தழும்பில் நிரம்பியிருக்கும். லமினின் பூசிய குழாயும் அங்கே இல்லை.

ஆனால் இழைக்கே வளர்கிற சக்தி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கனடாவின் மொன்றியலில் அல்பேர்ட்டோ அகுவாயோவும் சாமுவேல் டேவிட்டும் எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்து, மூளைத்தண்டிலிருந்து முண்ணாணுக்குப் பாலம்போல வைத்துத் தைத்தார்கள், 1981இல் முடிவை வெளியிட்டார்கள். மைய நரம்புக்கலங்களின் இழைகள் அந்தக் கால் நரம்புத் துண்டுக்குள் சில சென்ரிமீற்றர் வளர்ந்து போயிருந்தன. திரும்ப முண்ணாணுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டன. வளராது என்று சொன்ன இழை சுவான் கலங்களின் வீட்டுக்குள் வளர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து இன்று வரைக்கும் நடக்கிற ஆய்வுகளில் பல இந்த இடத்திலிருந்து கிளம்பியவைதான். மனிதரின் அறுந்த முண்ணாணைத் திரும்பச் சேர்க்கிற சிகிச்சை இன்னும் வரவில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பார் என்று வெளிநாட்டுக்குக் கூப்பிட்டுக் காசு கேட்டால் காணியை விற்றுவிடாதீர்கள் அக்கா. அண்ணனுக்கு இன்றைக்கு வேண்டியது படுக்கைப் புண் வராத மெத்தை, சலத்தொற்று வராத கவனிப்பு, மொழிகள் இறுகாத பயிற்சி.

*

கேள்வி: எங்கள் பெத்தா சின்ன வயதில் மாந்தீவுக்கு ஆட்களைத் தோணியில் கொண்டுபோனதைப் பற்றிக் கதைப்பார். தொழுநோயில் விரல்கள் ஏன் போகின்றன? அதுவும் நரம்பு வருத்தம் என்கிறார்களே?
வாசகர், மட்டக்களப்பு

பதில்: நரம்பு வருத்தம்தான். வாவிக்கு நடுவில் இருக்கிற அந்தத் தீவு ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கிவிடப்பட்டவர்களின் விரல்களை நோய் நேரடியாகத் தின்னவில்லை. நரம்பு செத்து உணர்ச்சி போன கையைச் சூடும் முள்ளும் காயமும்தான் மெல்ல மெல்லத் தேய்த்தன. உங்கள் பெத்தாவின் காலத்தில் இதை ஆட்களுக்கு விளங்கப்படுத்த யாரும் இருக்கவில்லை. அந்த மனிதர்கள் பட்ட தனிமையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

1873இல் நோர்வேயின் ஹான்சன் கண்ட அந்தக் கிருமிக்குப் பிடித்த இடம் சுவான் கலம். எப்படி அதைக் கண்டுபிடித்து உள்ளே போகிறது? 1997இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது: சுவான் கலத்தைச் சுற்றியிருக்கிற லமினினின் அல்பா 2 சங்கிலி, அதன் அடியில் இருக்கிற உருண்டைப் பகுதியைக் கிருமி பிடித்துக்கொள்கிறது. இழை ஏறுவதற்கென்று போட்ட அதே படியில்தான் கிருமியும் ஏறுகிறது. உடம்பில் கொஞ்சம் குளிர்ந்த இடங்கள் அதற்கு வசதி, அதனால்தான் முழங்கைக்குப் பின்னால், முழங்காலுக்கு வெளிப்பக்கம், கழுத்துப் பக்கம் என்று தோலுக்குக் கிட்ட ஓடுகிற நரம்புகள் கயிறுபோலத் தடிக்கின்றன.

இன்றைக்கு இது மாத்திரையால் சுகமாகிற வருத்தம். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம், கூட்டு மருந்து, இலவசம். மருந்து தொடங்கினால் கெதியிலேயே மற்றவருக்குத் தொற்றாது. நம்முடைய மாவட்டங்களில் இன்னும் புதிய நோயாளர்கள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், ஆகவே உடம்பில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து அதில் தொட்டால் தெரியாவிட்டால், பஞ்சுத் திரியால் தடவியும் கூசாவிட்டால், தோல் கிளினிக்குக்குப் போங்கள். பயந்து மறைத்து வைக்கிற ஒவ்வொரு மாதமும் சுவான் கலங்களைத்தான் செலவழிக்கிறோம். முற்றாகச் செத்த நரம்பை மருந்து திருப்பித் தராது.

*

கேள்வி: நரம்புக்குச் சிவப்பு ஊசி பத்துப் போட்டால் வளர்ச்சி கூடுமா?
வாசகர், ஆரையம்பதி

பதில்: சிவப்பு ஊசி என்று நீங்கள் சொல்வது விற்றமின் பி12. உடம்பில் அது குறைந்திருந்தால் அவசியம் போட வேண்டும், குறைந்தால் நரம்பே பழுதாகும். மீன், முட்டை, பால் ஒன்றும் தொடாதவர்கள், சீனி வருத்தத்துக்கு மெற்போமின் பல வருடமாக எடுப்பவர்கள், வயிற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் இரத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். குறைவில்லாதவருக்கு அறுந்த நரம்பை அது கெதியாக வளர்த்துவிடும் என்று நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: "நரம்புக் குளிசை" என்று பி6 கூடிய அளவில் உள்ளதை மாதக்கணக்கில் தாங்களாகவே வாங்கிப் போடுகிறார்கள். பி6 அளவு மிஞ்சினால் அதுவே புலன் நரம்பைக் கெடுத்து விறைப்பைக் கொண்டுவரும். விறைப்புக்குப் போட்ட குளிசையால் விறைப்பு கூடினவர்களைக் கண்டிருக்கிறேன்.

வளர்ச்சியை உண்மையில் பிந்த வைப்பது கட்டுப்பாடில்லாத சீனி. அதைக் கவனியுங்கள். விறைத்த இடத்தில் சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், சுடுவது தெரியாது.

*

கேள்வி: எனக்கு 46 வயது, தறி நெய்கிறேன். இரவில் மூன்று விரல்கள் விறைத்து நித்திரை குழம்புகிறது. கையை உதறினால் சரியாகும். நரம்பு அறுந்துவிட்டதா?
வாசகி, மருதமுனை

பதில்: அறவில்லை ராத்தா, நெருக்குப்படுகிறது. மணிக்கட்டில் ஒரு ஒடுங்கிய வாசலால் நரம்பு போகிறது, அங்கே வீக்கம் வந்தால் நசியும். நாள்பட்ட நசிவில் முதலில் அடிபடுவது இழை இல்லை, அந்த இடத்துச் சுவான் கலங்கள் போர்த்திய மயலின்தான். நெருக்கத்தை எடுத்துவிட்டால் கிழமைகளிலிருந்து சில மாதங்களுக்குள் அவை திரும்பப் போர்த்திவிடும். நாளுக்கு 1 மில்லிமீற்றர் கணக்கெல்லாம் உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை. இரவில் மணிக்கட்டு மடியாமல் நேராக வைத்திருக்கிற பட்டி கட்டிப் படுங்கள், நெய்யும்போது அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கையை இறக்கி ஆறவிடுங்கள். தைரொயிட்டும் சீனியும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் இதைக் கொண்டுவரும். பெருவிரலின் அடிச்சதை மற்றக் கையைவிட வற்றியிருக்கிறதா என்று இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வற்றியிருந்தால் பட்டியோடு நிற்காமல் உடனே டொக்டரிடம் காட்டுங்கள், அப்படியானால் இழையும் அடிபடத் தொடங்கிவிட்டது. வற்றவில்லை என்றால் ஆறு கிழமை பட்டி கட்டிப் பார்த்துவிட்டு, எந்தெந்த இரவு எத்தனை மணிக்கு எழும்பினீர்கள் என்று எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.